ஆறாவது கரண்டி

பெலாருஸ் தனி நாடாகப் பிறந்த அன்று காலையில் தெக்லா டீத் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். 1918, மார்ச் இருபத்தைந்து. மின்ஸ்க் நகரத்தில் ஒரு பெரிய வீட்டு மாடியில் விடிய விடியக் கத்திச் சண்டை போட்டுவிட்டு, கண் சிவந்து தாடி கலைந்து இறங்கி வந்தவர்களில் ஒருவர் அவள் முன்னால் நின்றார். "அம்மா, இன்னிலேர்ந்து நீங்க ஒரு சுதந்திர நாட்டோட குடிமகள்" என்றார். தெக்லா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "அப்படீங்களா? மூணு தம்ளர் குறையுது. மேலே யாராவது வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. வெளியே தெரு முழுக்க ஜெர்மன் சிப்பாய்கள். புது நாட்டுக்குப் படை கிடையாது. எல்லை எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு திசையில் கை காட்டுவார்கள். ஒரு முத்திரை இருந்தது, கடவுச்சீட்டு அச்சடித்த தாள்கள் இருந்தன, வெள்ளை சிவப்பு வெள்ளை என்று ஒரு கொடி இருந்தது. நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அது எங்கள் நாடு, கிண்டல் செய்தால் நாங்கள்தான் செய்வோம். வருஷம் திரும்புவதற்குள் ஜெர்மன்காரன் மூட்டை கட்டினான், ரஷ்யாவின் செஞ்சேனை வந்தது. அரசாங்கம் ரயில் ஏறியது.

தெக்லாவின் புருஷன் அபனாஸ் அந்த வீட்டு வாசல்காரன். அடுப்பு மூட்டுவது, பனி தள்ளுவது, வருகிறவர் கோட்டை வாங்கி மாட்டுவது எல்லாம் அவன். டிசம்பரில் ஒருநாள் செயலாளர் ஒருவர் அவனிடம் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே முத்திரையும் கடவுச்சீட்டுத் தாள்களும். "கூட வந்து பத்திரமாக் கொண்டு சேர்த்துடு. வாங்கிக்கறவன் கையெழுத்துப் போடாம யார் கேட்டாலும் கொடுக்காதே" என்றார். அபனாஸ் பிறந்ததிலிருந்து ஒருவர் சொன்ன வேலையை முடியாது என்று சொன்னதில்லை. அந்தக் குணத்தால் அவன் வீட்டில் உருப்படாமல் போன காரியங்கள் எத்தனையோ.

"கிறிஸ்துமஸுக்குள்ள வந்துடுவேன்" என்றான். தெக்லா ரொட்டியும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் துணியில் கட்டி, அவனுடைய மரக் கரண்டியையும் செருகினாள். அவன் அதை உருவி மேஜைமேல் வைத்தான்.

"இதை ஏன் அனுப்பறே? நான் என்ன திரும்பி வராமயா போறேன்?"

அவர்கள் ஊர்ப் பக்கம் வழக்கம் அது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மரக் கரண்டி, காம்பில் கத்தியால் போட்ட ஒரு குறி. ஆண்பிள்ளைக்கு வெட்டு, பெண்பிள்ளைக்கு இலையோ பூவோ. ஆள் வெளியூர் போனால் கரண்டி வீட்டில் இருக்க வேண்டும். ஆள் செத்தால் கரண்டி, செத்தவர்களின் துணி மூட்டைக்குள் போகும். அந்த மூட்டையை வருஷத்துக்கு ஒரே நாள்தான் பிரிப்பார்கள். மண் உறைவதற்கு முன்னால் வருகிற முன்னோர் நாள், ஒரு சனிக்கிழமை. சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, செத்தவர்களின் கரண்டிகளைச் சுவர்ப் பக்கம் வரிசையாக வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, சூடான சோற்றை முதலில் அவர்களுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். உயிரோடு இருப்பவரின் கரண்டி அந்த வரிசைக்குப் போகவே கூடாது. போனால் ஆளும் பின்னாலேயே போவான். வாய் சொல்கிற பேர் வெறும் காற்று, கரண்டி சொல்வதுதான் செல்லும் என்பார்கள்.

தெக்லா இதை நம்பினாளா என்றால், நம்பினாள். அவள் பையன் பியத்ருஸ் மூன்று வயதில் போனான். அதற்கு முந்தின முன்னோர் நாளில் மாமியார் கண் சரியாகத் தெரியாமல் அவனுடைய சின்னக் கரண்டியையும் வரிசையில் வைத்துவிட்டாள். யாரோ பார்த்துச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். பனி உருகுவதற்குள் குழந்தை இல்லை. காய்ச்சல்தான், வைத்தியர் அப்படித்தான் சொன்னார். தெக்லா மட்டும் வைத்தியருக்குத் தலையாட்டிவிட்டு, அன்றிலிருந்து கரண்டிகளைத் தன் கையாலேயே எடுத்து வைத்தாள்.

கிறிஸ்துமஸ் வந்தது, அபனாஸ் வரவில்லை. அரசாங்கம் வில்னா போயிற்று, ஹரோத்னா போயிற்று, கோவ்னோ போயிற்று, கடைசியில் பிராக் நகரத்தில் போய் ஒண்டிக்கொண்டது. நாடு இல்லாமல் அரசாங்கம் மட்டும் ஊர் ஊராகப் போன கதை உலகத்தில் எங்களுடையது மட்டும் இல்லை, ஆனாலும் எங்களுக்கு அது எங்கள் வயிற்றெரிச்சல். மின்ஸ்கில் போலந்துக்காரன் வந்தான், போனான், மறுபடி செஞ்சேனை வந்து உட்கார்ந்தது. 1921இல் வீடு வீடாகப் பேர் எழுத வந்தார்கள். "புருஷன்?" என்று கேட்டான் ஒருவன், பேனாவைத் தூக்கிக்கொண்டு. "பத்தொன்பதுல ஹரோத்னாகிட்ட விஷக் காய்ச்சல்ல போய்ட்டாரு" என்றாள் தெக்லா. அவளாக யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. எழுதிக்கொண்டு போனான்.

அந்த ஒரு வரியால்தான் அவளுக்குத் தையல் ஆலை கேண்டீனில் சமையல் வேலை கிடைத்தது. அந்த ஒரு வரியால்தான் மகள் யூஸ்தினா என்கிற யூஸ்தா, உழைப்பாளி விதவையின் மகள் என்று ஆசிரியப் பள்ளியில் சேர்ந்தாள். யூஸ்தாவிடம்கூட அது பொய் என்று அவள் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தெரிந்தது ஒருநாள் படிவத்தில் ஏறிவிடும் என்ற பயம். ஆனால் அவன் இருக்கிறானா போனானா என்று தெக்லாவுக்கே அப்போது தெரியாது. இருபத்தாறில் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களில் விகென்சி வாத்தியார் என்று ஒருவர், கேண்டீனில் சூப் வாங்குகிற சாக்கில் அவள் காதோடு சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"உயிரோட இருக்கான். பிராக்ல அவங்களுக்கு அடுப்பு மூட்டறான். கொஞ்சம் இருமல். கரண்டி பத்திரமான்னு கேட்டான்."

"நீங்கல்லாம் வந்துட்டீங்களே, அந்த மனுஷனுக்கு மட்டும் என்ன கேடு?"

"பெட்டியை வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட ஆளில்லையாம்."

மந்திரிகளில் சிலரே மனசு மாறி ஊர் திரும்பிவிட்டார்கள். வாசல்காரன் மட்டும் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். தெக்லாவுக்கு வந்த கோபத்தில் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், அடுப்புக்குப் பின்னால் கல் இடுக்கில் செருகியிருந்த அவன் கரண்டியை எடுத்து, காம்பிலிருந்த இரண்டு வெட்டையும் விரலால் தடவிவிட்டு மறுபடி செருகினாள். கோபம் பாதி போயிருந்தது.

இனி 1930. அந்த வருஷம் கோடையிலிருந்து பழைய அரசாங்கத்தோடு ஒட்டு உறவு இருந்தவர்களையெல்லாம் ரகசியப் போலீஸ்காரர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுபோனார்கள். விகென்சி வாத்தியாரை ஜூலையில் கொண்டுபோனார்கள். அவர் உள்ளே என்ன சொன்னார், யார் பேரைச் சொன்னார் என்று தெரியாமல் தெக்லா நான்கு மாதம் ஓட்டினாள். வெளியே வண்டிச் சத்தம் கேட்டால் கையிலிருப்பது நழுவும்.

அவள் குடியிருந்தது மின்ஸ்கின் கமரோவ்காப் பேட்டையில் ஒரு மரவீட்டின் பின்னறை. முன்னறையில் பலனேயா. அபனாஸின் ஊருக்கு எதிரே ஆற்றின் மறுகரைக்காரி, தெக்லாவைவிடப் பத்து வயது மூத்தவள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் அவள் பொறுப்பு. வாய் ஓயாத மனுஷி. சமையலறை பொது. அக்டோபர் கடைசியில் ஒருநாள் சாயங்காலம் தலைத்துண்டுகூட அவிழ்க்காமல் சமையலறைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை நக்கலாகப் பேசவில்லை. அதிலேயே ஏதோ சரியில்லை என்று தெக்லாவுக்குத் தெரிந்துவிட்டது.

"தெக்லா, அடுப்பை விட்டுட்டு இங்க வா."

"பால் பொங்கிடும் அக்கா."

"பொங்கட்டும். என்னைக் கூப்பிட்டு அனுப்பினாங்க."

எங்கே என்று யாரும் கேட்பதில்லை அந்தக் காலத்தில்.

"உன்னைப் பத்தித்தான். அந்தம்மா புருஷன் செத்துட்டானான்னான். ஆமா, காய்ச்சல்ல போய்ட்டான்னேன். நீ பாத்தியான்னான். நான் எங்கய்யா பாத்தேன், நான் அப்போ ஊர்ல உருளைக்கிழங்கு தோண்டிக்கிட்டிருந்தேன்னேன். சிரிக்கல. அந்த ஆளு நம்ம பக்கத்துக்காரன்டி. பேச்சுலயே தெரிஞ்சுபோச்சு. காகிதத்தை மூடி வெச்சுட்டு, மெதுவாக் கேக்கறான். 'முன்னோர் நாளுக்கு அவனுக்குக் கரண்டி வைக்கிறாளா?'ன்னு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தெக்லா துணி எடுக்காமல் கையாலேயே அதைத் தள்ளினாள்.

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தைச் சொல்றது? ஆறு வருஷமா உன் மேஜைல உக்காந்து தின்னிருக்கேன். அஞ்சு கரண்டி. உன் மாமனாரு, மாமியா, உங்கப்பா, உங்கம்மா, உன் குட்டிப் பையன். புருஷனுக்கு இல்லை. எனக்கு அப்பவே உறைச்சுது. சரி, துக்கம் தாங்கல போல, வைக்க மனசு வரலைன்னு விட்டுட்டேன். அவன்கிட்ட 'நெனப்பில்லை அய்யா'ன்னேன். 'இந்த வருஷம் நெனப்பு வெச்சுப் பாரு'ன்னான். மூணாந்தேதி வரச் சொல்லியிருக்கான்."

பாருங்கள் கூத்தை. சாமி இல்லை, பேய் இல்லை, முன்னோரும் இல்லை என்று சட்டம் போட்ட அரசாங்கத்தின் ஆள், ஒருத்தி பொய் சொல்கிறாளா என்று தெரிந்துகொள்ள முன்னோரிடமே போய் நிற்கிறான். தன் அம்மாவும் அப்படித்தான் கரண்டி வைத்தாள் என்பது அவனுக்கு மறக்கவில்லை.

"நீ பாத்தேன்னு சொல்லிடேன் அக்கா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எனக்குப் பொய் வராதுடி, மூஞ்சி செவந்துடும். ரெண்டு பசு வெச்சிருந்த பணக்காரன்னு என் தம்பியை வசந்தத்துல குடும்பத்தோட வடக்கே ரயில் ஏத்திட்டாங்க. என் பேரும் அவங்க கைலதான் ஊசலாடுது. பாக்காததைப் பாத்தேன்னு சொல்லி மாட்டிக்க மாட்டேன். நீ வை. நான் கண்ணால பாக்கறேன், பாத்ததைச் சொல்றேன். உசுரோட இருக்கறவனுக்கு நம்ம பக்கத்துப் பொம்பளை எவளும் வைக்க மாட்டா. அது அவனுக்கும் தெரியும், அதோட விட்டுடுவான்." பலனேயா எழுந்தாள். கதவருகே திரும்பினாள். "அவன் செத்துட்டான் இல்லே?"

"செத்துட்டான்."

"அப்புறம் என்ன? வெச்சுடு."

அந்த வருஷம் சனிக்கிழமை என்றே ஒன்று கிடையாது. அரசாங்கம் ஏழு நாள் வாரத்தை ஒழித்து ஐந்து நாள் வாரம் கொண்டுவந்ததில், ஆலையில் எல்லோருக்கும் வேறு வேறு நாள் விடுமுறை. எங்கள் பெண்கள் மட்டும் விரல்விட்டு எண்ணிப் பழைய சனிக்கிழமையைத் தப்பாமல் வைத்திருந்தார்கள். தெக்லா எண்ணினாள். இரண்டு நாள் இருந்தது.

வைக்காவிட்டால், புருஷன் உயிரோடு வெளிநாட்டில், அதுவும் அந்த அரசாங்கத்தோடு. அவளைக் கொண்டுபோவார்கள், அது நிச்சயம். யூஸ்தா ஒவ்வொரு படிவத்திலும் அப்பா இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாள். பதினெட்டு வயதுப் பெண், கட்சியின் இளைஞர் சங்க உறுப்பினர், அவளை மட்டும் விட்டுவிடுவார்களா? வைத்தால், அபனாஸ். அவன் எங்கேயோ குளிரில் இருமிக்கொண்டு யாருடைய அடுப்பையோ மூட்டிக்கொண்டிருப்பான், இங்கே அவள் தன் கையாலேயே அவனைச் செத்தவர்களோடு உட்கார வைப்பாள். பியத்ருஸின் முகம் அவளுக்கு மறக்கவில்லை.

புதிதாக ஒரு கரண்டி செதுக்கிவிடலாமா என்று பார்த்தாள். கேண்டீன் விறகிலிருந்து நல்ல லிண்டன் மரக் கட்டை ஒன்றைப் பாவாடைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கத்தியும் எடுத்துவிட்டாள். இரண்டு சீவலோடு நிறுத்தினாள். அவனுக்கென்று செய்து அவன் பேரைச் சொன்னால் அதுவும் அவன் கரண்டிதானே? யாரை ஏமாற்றுவது? கட்டையை அடுப்பில் போட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. தெக்லா திரையை இழுத்துவிட்டு, அதற்குப் பின்னால் சன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாள். மேஜையில் தேன் விட்ட பார்லிச் சோறு, உருளைக்கிழங்கு அடை, பட்டாணி, புளிக்க வைத்த முட்டைக்கோஸ், ஓட்ஸ் கூழ். ஐந்து பண்டம். பண்டங்களை இரட்டைப் படையில் வைக்கக் கூடாது. அபனாஸின் கரண்டி அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியின் பைக்குள் இருந்தது. வைத்துவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டாள். மகள் முக்கியம். அவனே இங்கே இருந்தால் அதைத்தான் சொல்லுவான் என்று தனக்குத் தானே நூறு தடவை சொல்லிக்கொண்டாள்.

யூஸ்தா வெட்டிய கூந்தலைச் சீவிக்கொண்டே வந்தாள். "உங்க பேய்ங்களுக்காகச் சன்னலைத் திறந்து வெச்சு வருஷா வருஷம் எனக்குச் சளி பிடிக்குது. அதுங்க கதவு வழியா வரக்கூடாதா?"

"வாயை மூடு. உக்காரு."

பலனேயா தன் கரண்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். கூடவே கை அகலத்துக்குப் பன்றிக் கொழுப்பு. வெளிக்கதவைத் தாழ் போட்டுவிட்டு, இழுத்தும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அவளும் பயந்திருந்தாள் என்பது அந்தத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்ததில் தெரிந்தது. இந்தச் சாப்பாட்டுக்காகவே மூன்று பேரையும் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்கலாம்.

தெக்லா மூட்டையைப் பிரித்தாள். "அப்பா, வாங்க. அம்மா, வா." ஒவ்வொரு கரண்டியாகச் சுவர்ப் பக்கம் வைத்தாள். மாமனார். மாமியார். பியத்ருஸின் சின்னக் கரண்டி. ஐந்தும் ஆயிற்று. கை பைக்குள் போனது. விரல் இரண்டு வெட்டையும் தொட்டது. எடுக்க வரவில்லை. கையை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பலனேயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், சன்னல் காற்றில் விளக்கு ஆடியது, தெக்லா பைக்குள் கையை வைத்தபடி நின்றாள்.

"சோறு ஆறுது தெக்லா" என்றாள் பலனேயா. குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல் இருந்தது.

தெக்லா பையிலிருந்து கையை வெறுமையாக எடுத்தாள். சாப்பிடுவதற்காக எடுத்து வைத்திருந்த அவளுடைய சொந்தக் கரண்டி இடது கையில் இருந்தது, காம்பில் சின்ன இலை போட்டது. அதைப் பியத்ருஸின் கரண்டிக்கு அடுத்து வைத்தாள்.

"அபனாஸ்," என்றாள், "வா. சாப்பிடு."

யூஸ்தா அடையைப் பிய்க்கப் போன கையை அப்படியே நிறுத்தினாள். அம்மாவின் கரண்டி அவளுக்குத் தெரியாதா? அந்தக் கரண்டியால் ஊட்டித்தான் அவள் வளர்ந்தாள்.

பலனேயா நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டாள். பிறகு எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். அடுத்த வீட்டுக் கரண்டியின் குறியை உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை, தொடுவது அதைவிடத் தப்பு. "கோவிச்சுக்காதே. என்ன குறின்னு கேப்பான்" என்று சொல்லிக்கொண்டே ஆறாவது கரண்டியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"இலை" என்றாள். புருவம் சுருங்கியது. "ஆம்பளைக்கு இலையா? உங்க ஊர்ல ஆம்பளைக்கு வெட்டுத்தானே போடுவாங்க?"

எல்லாம் முடிந்தது, மகளும் போனாள், அவனும் போனான் என்றுதான் அந்த நொடியில் தெக்லாவுக்குத் தோன்றியது.

"அதை ஏன் கேக்கறீங்க பெரியம்மா," என்றாள் யூஸ்தா. குரல் சாதாரணமாக இருந்தது, கிண்டல்கூட இருந்தது. "அப்பாவுக்கு முன்னாடி மூணு ஆம்பளைப் பிள்ளைங்க தொட்டில்லயே போயிடுச்சாம். இதுவும் போயிடக் கூடாதுன்னு அவருக்குப் பொண்ணுங்க குறியைப் போட்டு, நாலு வயசு வரைக்கும் பாவாடை கட்டி விட்டாங்களாம். சாவு வந்தா, ஏதோ பொண்ணுன்னு நெனச்சுட்டுப் போயிடுமாம். மூடநம்பிக்கை! ஊர்ல எல்லாரும் அப்பாவை அதைச் சொல்லியே கலாட்டா பண்ணுவாங்களாம், இல்லேம்மா?"

"ஆமா" என்றாள் தெக்லா.

பலனேயா கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக அதன் இடத்தில் வைத்து, சிலுவை போட்டுக்கொண்டாள். "எங்க சித்தி வீட்லயும் அப்படி ஒண்ணு உண்டு. மாட்டோட பேரை வெச்சாங்க பையனுக்கு" என்றாள். உட்கார்ந்த பிறகு மறுபடி தலையைத் தூக்கினாள். "உன் கரண்டி எங்கடி?"

"அம்மாவோடது போன வாரம் உடைஞ்சுபோச்சு" என்றாள் யூஸ்தா. தன் கரண்டியில் பார்லிச் சோற்றை அள்ளி அம்மாவின் வாய்க்கு நேரே நீட்டினாள். "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுலயே சாப்பிட்டுக்கறோம்."

தெக்லா வாயைத் திறந்தாள்.

பலனேயா போன பிறகு யூஸ்தா கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"எங்க இருக்காரு?"

"பிராக்ல. நாலு வருஷத்துக்கு முன்னாடி இருந்தாரு. இப்போ தெரியாது."

"பன்னெண்டு வருஷமா! அப்பா செத்துட்டாரு செத்துட்டாருன்னு எத்தனை காகிதத்துல எழுதியிருப்பேன் நான்!"

"உனக்கு அது நெசம். அதனாலதான் உன் கை நடுங்கல."

யூஸ்தா விறுவிறுவென்று மேஜைக்கு வந்து இலைக் கரண்டியை எடுக்கக் கை நீட்டினாள். தெக்லா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "தொடாதே. அவர் பேரைச் சொல்லி வெச்சாச்சு. எடுத்தா பேரு அவர் கரண்டியைத் தேடிப் போயிடும்."

"அப்போ உனக்கு?"

"எனக்கென்ன, நான் இங்கதானே இருக்கேன். சாவு வந்தா வரட்டும்."

பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று சங்கத்தில் பேசுகிற பெண், அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். சமையல் துணியின் பைக்குள் இருந்த அப்பாவின் கரண்டி அவள் கன்னத்தில் குத்தியது.

மூன்றாம் தேதி பலனேயா போய், பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு வந்தாள். இலை, பாவாடை எல்லாவற்றையும் சொன்னாளாம். அந்த ஆள் முதல்முறையாகச் சிரித்தானாம். தெக்லாவைத் தேடி யாரும் வரவில்லை. விகென்சி வாத்தியார் திரும்பவே இல்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்கத் தெக்லா சாவை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தும்மல் போட்டால், சரி, வந்துவிட்டது என்று வீட்டைப் பெருக்கி, மாற்றுத் துணியை மடித்து வைப்பாள். சாவு வரவில்லை. அடுத்த வருஷமும் வரவில்லை. ஒவ்வொரு முன்னோர் நாளுக்கும் இலைக் கரண்டி செத்தவர் வரிசையில், அவளும் மகளும் ஒரே கரண்டியில். முப்பத்தேழில் பலனேயாவைக் கொண்டுபோனார்கள். யாரோ கொடுத்த பட்டியலில் அவள் பேர் இருந்தது. சமையலறையில் கிடந்த அவளுடைய கரண்டியை என்ன செய்வது என்று தெக்லா ரொம்ப நேரம் யோசித்தாள். கடைசியில் அதையும் அடுப்புக்குப் பின்னால், அபனாஸின் கரண்டிக்குப் பக்கத்தில் செருகினாள். நாற்பத்தொன்று ஜூனில் ஜெர்மன் குண்டு விழுந்து மின்ஸ்க் எரிந்தபோது ஊரெல்லாம் தையல் மெஷினையும் மெத்தையையும் தூக்கிக்கொண்டு ஓடியது. இவள் ஒரு துணி மூட்டை மரக் கரண்டியோடு ஓடினாள்.

1956 கோடையில் ஒருவர் அவளைத் தேடி வந்தார். பல் இல்லை, வயது கணிக்க முடியவில்லை. வடக்கே ஒரு கைதி முகாமில் அபனாஸோடு ஒரே பலகையில் படுத்திருந்தவர். நாற்பத்தைந்து மே மாதம் செஞ்சேனை பிராக்குக்குள் வந்தபோது அவனைப் பிடித்தார்களாம். பெட்டியை எடுக்கப் போனார்களாம். கையெழுத்து இல்லாமல் தர முடியாது என்றானாம்.

"போட்டாங்களா?" என்று கேட்டாள் தெக்லா.

"போட்டாங்க. அவரைக் கைது பண்ற காகிதத்துல." அவர் தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். "நாப்பத்தேழு பிப்ரவரில போய்ட்டாரு. நெஞ்சு. தகரக் கரண்டி கொடுத்தா முணுமுணுப்பாரு, என் கரண்டி வீட்ல இருக்கும்பாரு."

அவர் போகிறவரைக்கும் தெக்லா அழவில்லை. போன பிறகு விரல்விட்டு எண்ணினாள். நாற்பத்தேழிலிருந்து ஐம்பத்தைந்து வரை ஒன்பது முன்னோர் நாள். ஒன்பது வருஷம் அந்த மனுஷன் அத்தனை தூரம் நடந்து வந்து, சன்னல் வழியாக வந்து, தன் கரண்டியைத் தேடியிருப்பான். இவளோ அதை ஒளித்து வைத்துவிட்டு, பேர் மட்டும் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அதை நினைத்துத்தான் அழுதாள். அந்த அழுகை இலையுதிர் காலம் வரைக்கும் நிற்கவில்லை.

நவம்பரில் யூஸ்தா பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு வந்தாள். நாற்பத்து நான்கு வயது, தலைமையாசிரியை. சன்னலைத் தானே திறந்து வைத்தாள். தெக்லா ஐந்து கரண்டிகளை வைத்தாள். ஆறாவதாக, முப்பத்தெட்டு வருஷம் எந்த வாயும் படாத கரண்டியை, இரண்டு வெட்டுப் போட்டதை எடுத்து வைத்தாள்.

"அபனாஸ்," என்றாள், "இந்தாப்பா. இப்பத்தான் தெரிஞ்சுது. ஒன்பது வருஷம் உன்னைப் பட்டினி போட்டுட்டேன்."

யூஸ்தா மூட்டையின் அடியிலிருந்த இலைக் கரண்டியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். "பட்டினியெல்லாம் இல்லம்மா. ஒன்பது வருஷமும் உன் கரண்டியிலதான் சாப்பிட்டிருப்பாரு."

தெக்லா மகளைப் பார்த்தாள். பிறகு கரண்டியைப் பார்த்தாள். செத்தவர் வரிசையிலிருந்து எடுத்த கரண்டியைத் துடைக்காமல் உயிரோடு இருப்பவர் வாயில் வைக்கக் கூடாது. யூஸ்தா துணியை எடுத்து நீட்டினாள்.

தெக்லா அதை வாங்கவில்லை. துடைக்காமல், அப்படியே பார்லிச் சோற்றில் விட்டு, ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.